முடித்தவர் கதையும் முடிக்காதவர் கதையும்

1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயின் ஓவாஹு தீவில் 15 பேர் கடலில் இறங்கினார்கள். ஜான் காலின்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் ஏற்பாடு செய்த போட்டி அது. தீவில் அதுவரை தனித்தனியாக நடந்துவந்த ஒரு கடல் நீச்சல், ஒரு சைக்கிள் சுற்று, ஒரு மாரத்தான் மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்து முடித்தால் என்ன என்று ஒரு பரிசளிப்பு விழாவில் கிளம்பிய வாய்ப்பேச்சுதான் அதற்கு வித்து. பந்தயக்காரர்களிடம் கொடுத்த விதிமுறைத் தாளில் மூன்று தூரங்களையும் போட்டு, முடித்துவிட்டால் ஆயுசுக்கும் பீற்றிக்கொள்ளலாம் என்ற பொருளில் கையால் ஒரு வரி எழுதியிருந்தார்கள். 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 வினாடி ஆனது.

ஆக, அயர்ன்மேன் என்ற அந்தப் பந்தயம் பீற்றிக்கொள்ளும் உரிமையோடேதான் பிறந்தது. நாள் முழுக்க உடம்பை வருத்தியவர் ஊர் திரும்பி நாலு பேரிடம் சொல்லத்தான் செய்வார், சொல்லட்டும். எனக்குள்ள கேள்வி மிச்சம் மூன்று பேரைப் பற்றியது. அவர்கள் எங்கே நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. அடுத்த வருடம் கடலில் இறங்கப் போகிறவனுக்கு ஹாலரின் 58 வினாடியைவிட அவர்களுடைய கதைதான் உதவும்.

இதைப் பாடாங் மேஹா, பாடாங் செராய், லூனாஸ் பக்கத்து வாசகர்களுக்கு எழுதக் காரணம் உண்டு. அயர்ன்மேன் மலேசியா நடப்பது நம் கெடா மாநிலத்துக்கு உட்பட்ட லங்காவியில்தான். கோலக்கெடாவில் படகு ஏறினால் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். அந்தப் போட்டி 2000-இல் தொடங்கி 2010 வரை நடந்து, இடையில் நின்று, 2014-இல் திரும்ப வந்தது. நோய்த்தொற்றுக் காலத்தில் இரண்டு வருடம் இல்லாமல் 2022 முதல் மறுபடி நடக்கிறது. செம்பனைக்கு நடுவே போகும் நம் சாலைகளில் வார இறுதி விடியற்காலையில் பின்விளக்கு மினுக்க வரிசையாகப் போகிற சைக்கிள் கூட்டங்களை இப்போது பார்க்கிறோம். அவர்களில் சிலருக்கு லங்காவி ஆசை உண்டு. அவர்கள் ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்பதில்தான் யார் எந்த நிலைமையில் வீடு வந்து சேர்வார் என்பது பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். டிரையத்லான் என்றாலே அயர்ன்மேன் என்று பலர் நினைக்கிறார்கள். நீந்தி, சைக்கிள் ஓட்டி, கால்நடையாய் ஓடி முடிப்பதுதான் டிரையத்லான்; தூரம் பல அளவில் உண்டு. ஆரம்பக்காரர்களுக்கான ஸ்பிரிண்ட் என்பது 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக்கில் 2000-ஆம் ஆண்டு சிட்னியில் நுழைந்தது அதன் இரு மடங்கு: ஒன்றரை, 40, 10. முழு அயர்ன்மேன்தான் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், பிறகு 42.2 கிலோமீட்டர் ஓட்டம். பாடாங் செராயிலிருந்து அலோர் ஸ்டார் போய் வந்தால் கிட்டத்தட்ட அந்தச் சைக்கிள் தூரம் வரும். வந்து இறங்கியதும் ஒரு மாரத்தான் காத்திருக்கும். இதில் பாதித் தூரத்துக்கும் ஒரு போட்டி உண்டு.

முழுத் தூரத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் நேரம் 17 மணி. காலையில் இறங்கியவர் நள்ளிரவுக்குள் வந்தாக வேண்டும். நீச்சலுக்கு 2 மணி 20 நிமிடம், சைக்கிள் முடிய 10 மணி 30 நிமிடம் என்று இடையிலும் கெடு வைப்பார்கள். கெடு தாண்டினால் கணுக்காலில் கட்டிய, நேரம் பதியும் சில்லைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். கலந்துகொள்பவர்களில் மிகப் பெரும்பாலோர் வேலைக்குப் போய் வந்து, சொந்தக் காசு கட்டிப் பெயர் கொடுத்த சாதாரண மனிதர்கள். ஐந்து ஐந்து வயதாகப் பிரித்து, 40 முதல் 44 வரை ஒரு பிரிவு, 45 முதல் 49 வரை ஒரு பிரிவு என்று அவரவர் வயதுக்காரரோடுதான் போட்டி. அமெரிக்கக் கன்னியாஸ்திரி மடோனா பூடர் 2012-இல் முழு அயர்ன்மேனை முடித்தபோது அவருக்கு வயது 82. அதைச் சொல்லி யாரையும் உசுப்பிவிட எனக்கு விருப்பமில்லை; பிரிவு இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

இனி, சொல்லும் விதம். லங்காவி போய் வந்த ஒருவரிடம் தம்பி ஒருவன் கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

"அண்ணே, எப்படி இருந்துச்சு?"

"சூடுன்னா சூடு, செத்தேன் லா. ஆனா விடல. மனசு வச்சா எல்லாம் முடியும்டா தம்பி. நீயும் வா."

கேட்டவனுக்கு ரத்தம் சூடாகும். வீட்டுக்குப் போய்ப் பெயர் கொடுப்பான். ஆனால் கையில் ஒன்றும் வந்து சேரவில்லை. அதே அண்ணன் இன்னொரு விதமாகவும் சொல்லலாம்:

"கடல்ல இருந்து ஏறினதும் கால் மணலைக் கழுவாம காலுறை போட்டேன். ஓட்டத்துல பாதி தூரம் வர்றதுக்குள்ள ரெண்டு பெருவிரல் பக்கமும் தோல் உரிஞ்சிருச்சு. அடுத்த தடவை சைக்கிள் பையில சின்ன போத்தல்ல தண்ணியும் பழைய துண்டும் வைக்கணும். இனிப்பு ஜெல் நாலுக்கு மேல வயித்துல தங்கல. அப்புறம் வாழைப்பழமும் கோலாவும்தான். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வெயில் உச்சியில இருக்கும்போது நான் ஓடவே இல்ல, நடந்தேன். சூரியன் இறங்கின பிறகுதான் ஓடினேன். நடந்ததுதான் என்னைக் காப்பாத்துச்சு."

இரண்டாவதில் வீரம் குறைவு. ஆனால் ஒரு மனிதன் தன் உடம்பைக் கொடுத்து வாங்கிய பாடம் அப்படியே கை மாறுகிறது. ஊக்கம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதன் மெய்யான சரக்கு இதுதான் என்பது என் எண்ணம். பந்தயத்தில் பயம் வருவது பெரும்பாலும் என்ன நடக்கும் என்று தெரியாததால். நடக்கப்போவதை ஒருவர் முன்கூட்டியே இடம், நேரம் போட்டுச் சொல்லிவிட்டால் பயத்தில் பாதி தானாகவே போய்விடும். கைதட்டலால் அதைச் செய்ய முடியாது.

அந்தத் தகவல் உள்ளூர்க்காரரிடமிருந்து வருவது ரொம்ப முக்கியம். குளிர்நாட்டில் பந்தயம் ஓடியவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு நம் பிள்ளைகள் ரப்பர் நீச்சல் உடை வாங்கக் கிளம்புகிறார்கள். அந்த உடை குளிரைத் தடுக்கும். கூடவே உடம்பை மிதக்கவும் வைக்கும். ஆனால் நீர் 24.5 டிகிரிக்கு மேல் போனால் பரிசுக்குப் போட்டியிடும் வயதுப் பிரிவுக்காரர்கள் அதைப் போடக்கூடாது என்பது அயர்ன்மேன் விதி. லங்காவிக் கடல் அதைவிட எத்தனையோ டிகிரி சூடு. அதாவது இங்கே மிதக்க வைக்க ஒன்றும் கிடையாது, உங்கள் நுரையீரல்தான் மிதவை. இதை முதலிலேயே ஒருவர் சொல்லிவிட்டால் சில நூறு வெள்ளி மிச்சம்.

நீச்சலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம்மவர்களுக்கு முட்டுக்கட்டை அங்கேதான். ஓட்டமும் நடையும் நமக்கு அந்நியமில்லை. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வாங்கியவர் ஜி. சரவணன். தொண்ணூறுகளில் மலேசியாவின் 5,000, 10,000 மீட்டர் ஓட்டத்தில் கொடி கட்டிப் பறந்தவர் எம். ராமச்சந்திரன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் விளையாட்டுப் போட்டி நாள் என்றாலே ஓட்டம்தான். நீச்சலுக்கு அப்படி ஒரு பின்புலம் கிடையாது. தோட்டத்தில் நீச்சல் குளம் இருந்ததென்றால் அது துரைமார் கிளப்பில் இருந்திருக்கும். நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஆறும் குட்டையும். அதிலும் போகாதே என்று அம்மா அடித்து வளர்த்தாள், அவள் பயத்தில் நியாயமும் இருந்தது. அதனால் 30 வயதில் நீச்சல் கற்கத் தொடங்குகிறவர்கள் நம்மில் ஏராளம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் 30 வயதில் குளத்தில் கற்ற நீச்சலும் நூற்றுக்கணக்கான கைகால்கள் உதைக்கும் கடல் நீச்சலும் வேறு வேறு.

அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான்களில் நேர்ந்த மரணங்களையும் இதய நிறுத்தங்களையும் மருத்துவர்கள் தொகுத்தார்கள். மொத்தம் 135, அதில் 90 நீச்சலின்போது நேர்ந்தவை. பெரும்பாலோர் ஆண்கள், சராசரி வயது 47-ஐ ஒட்டி. கலந்துகொண்டவர்களின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் லட்சத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை, அதனால் பதறத் தேவையில்லை. ஆனால் ஆபத்து எந்தப் பகுதியில் குவிந்திருக்கிறது என்று பாருங்கள். 180 கிலோமீட்டர் சைக்கிளிலோ மத்தியான வெயில் ஓட்டத்திலோ இல்லை, முதல் பகுதியான நீச்சலில். திடீர்ப் பதற்றம், மூச்சுத் திணறல், ஏற்கெனவே இருந்து தெரியாமல் போன இதயக் கோளாறு எல்லாம் அங்கே சேர்ந்துகொள்கின்றன. தரையில் என்றால் உட்கார்ந்துவிடலாம், தண்ணீரில் உட்கார இடமில்லை.

இங்கே அனுபவஸ்தர் சொல்லித் தர வேண்டியது ஒன்று உண்டு. பாதுகாப்புக்காக நிற்கும் காயாக் படகைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம். அது தோல்வி ஆகாது, தகுதி இழப்பும் ஆகாது. படகைப் பிடித்தபடி முன்னேறாமல் இருந்தால் போதும். மூச்சு சீரானதும் விட்டுவிட்டு நீந்தலாம். மல்லாந்து மிதந்து கையை உயர்த்தினால் படகு வரும். முதல் தடவை இறங்குகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. படகைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது என்று நினைத்துத் திணறிக்கொண்டே போகிறார்கள். "பயப்படாதே, நீ முடிப்பாய்" என்று நூறு தடவை சொல்வதைவிட "படகைப் பிடிக்கலாம்" என்று ஒரு தடவை சொல்வது மேல். நெஞ்சு இறுகினால், இடது கை கனத்தால், அன்றைக்கு அத்தோடு போதும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 40 வயது தாண்டிய ஆண்கள் பெயர் கொடுக்கும் முன் இதயப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. நம் குடும்பங்களில் இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் எவ்வளவு சகஜம் என்பது தெரிந்த கதை.

பயிற்சிக்கு எங்கே நீந்துகிறீர்கள் என்பதும் பேச வேண்டிய விஷயம். நம் நாட்டிலேயே நடந்த ஒரு சம்பவம். 2000 ஆகஸ்டில் சபாவில் எகோ சேலஞ்ச் என்ற பல நாள் சாகசப் பந்தயம் நடந்தது; 26 நாடுகளிலிருந்து 304 பேர். சேகாமா ஆற்றில் நீந்தினார்கள், படகு விட்டார்கள். முடித்து அவரவர் நாட்டுக்குப் போன பிறகு ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். ஓர் ஊர் மருத்துவருக்கு ஒரு நோயாளி; அவருக்கு அது தனிக் காய்ச்சல். பல ஊர்களிலிருந்து தகவல் ஒன்று சேர்ந்தபோதுதான் எல்லோரும் ஒரே பந்தயத்துக்குப் போனவர்கள் என்று தெரிந்தது. விசாரிக்க முடிந்த 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சலுக்கான அறிகுறிகள். மலாயில் கெஞ்சிங் தீக்குஸ் என்று பயமுறுத்துகிறார்களே, அதேதான். ஆற்றில் நீந்தியவர்களுக்கே அதிகம் வந்திருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1998-இல், அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் ஏரியில் நடந்த டிரையத்லானிலும் இதே கதை. 876 பந்தயக்காரர்களில் 98 பேர் நோயில் விழுந்ததாகச் சொன்னார்கள்.

போட்டி முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒருவருக்குக் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் அதைக் கூட்டாளிகளிடம் சொல்லியாக வேண்டும். கிளினிக்கில் "ஆற்றுத் தண்ணீரில் நீந்தினேன்" என்று வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். மழைக்குப் பிறகு கலங்கி ஓடும் தோட்டத்துப் பாரிட்டும் குட்டையும் கடல் பயிற்சிக்கு மாற்று ஆகாது. சுங்கைப்பட்டாணியிலோ பினாங்கிலோ குளத்துக்கு வாரம் ஒரு தடவையாவது நாலு பேர் ஒரு காரில் சேர்ந்து போவது செலவையும் குறைக்கும், ஆபத்தையும் குறைக்கும்.

வெயிலைப் பற்றி ஒரு தவறான தைரியம் நம்மிடம் உண்டு. "நாமெல்லாம் இந்த மண்ணுல பொறந்தவங்க, வெள்ளைக்காரனுக்குத்தான் சூடு" என்பார்கள். பால்மரம் வெட்டிய தாத்தாவுக்கு அது உண்மை. கூலிம் ஹைடெக் பூங்காவில் 12 மணி நேர ஷிப்ட் முழுக்கக் குளிரூட்டிய கிளீன் ரூமில் நிற்கிற பேரனுக்கு அது பொருந்தாது. வெயிலுக்கு உடம்பு பழகுவது பரம்பரைச் சொத்தாக வருவதில்லை. 10 முதல் 14 நாள் வெயிலில் உழைத்தால் வரும், விட்டுவிட்டால் சில வாரத்தில் போய்விடும். அப்படிப் பழகும்போது வியர்வை சீக்கிரம் சுரக்கும், வியர்வையில் உப்பு குறையும், இதயத் துடிப்பு அடங்கும். இரவு ஷிப்ட்காரர்கள் விடியற்காலைக் குளிரில் மட்டும் ஓடிப் பயிற்சி எடுத்துவிட்டு லங்காவியின் மத்தியானத்தில் போய் நின்றால் உடம்பு கேள்வி கேட்கும்.

நண்பர்கள் அன்போடு சொல்லும் அறிவுரைகளில் தப்பானது, "தண்ணி நெறையக் குடி" என்பது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. முக்கியக் காரணம், ஓடும்போது அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்து எடை கூடியது. மெதுவாக ஓடி அதிக நேரம் எடுத்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். வேகமாக ஓடுகிறவனுக்குக் குடிக்க நேரமில்லை. 15 மணி நேரம் எடுக்கிற நம் ஆள்தான் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிப்பார். தலைவலி, குமட்டல், விரல் வீங்கி மோதிரம் இறுகுவது இவையெல்லாம் அறிகுறி. பார்ப்பவர் அதை நீர் வற்றியது என்று நினைத்து இன்னொரு கோப்பை நீட்டினால் கதை கெட்டது. தாகத்துக்குக் குடி, உப்பைச் சேர்த்துக்கொள், பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து உன் கணக்கை நீயே கண்டுபிடி: இதுதான் சொல்லத் தகுந்த அறிவுரை. மாவுச்சத்துக்கும் இப்படித்தான். மணிக்கு 30 முதல் 60 கிராம் பலருக்கும் ஒத்துக்கொள்ளும். அதற்கு மேல் போகிறவர்கள் வயிற்றை மாதக்கணக்கில் பழக்கியவர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்ட ஜெல் உங்களை நடுவழியில் கழிப்பறை தேட வைக்கலாம்.

விழுந்தும் எழுந்தும் முடிப்பதுதான் வீரம் என்ற படம் நம் மனதில் எப்படி வந்தது? 1982 பிப்ரவரியில் ஹவாய் அயர்ன்மேனில் ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி பெண்களில் முன்னணியில் வந்தார். முடிவுக் கோட்டுக்குச் சற்று முன் கால்கள் மடங்கின. விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். காத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து போய் வென்றார். மாஸ் கடைசி சில அடிகளைத் தவழ்ந்தே கடந்தார். இருவருக்கும் இடையில் 29 வினாடி. தொலைக்காட்சி அதைக் காட்டியது, உலகமே பார்த்தது, அந்த ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்ந்தது. சரியாகச் சொன்னால், விளையாட்டை வளர்த்த அந்தக் காட்சி ஒரு கெட்ட பழக்கத்தையும் வளர்த்துவிட்டது. தள்ளாடுகிறவரைப் பார்த்தால் கூட்டம் "விடாதே, விடாதே" என்று கத்துகிறது.

தள்ளாட்டத்துக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று வெறும் களைப்பு. சர்க்கரையும் நிழலும் கிடைத்தால் தெளியும். மற்றது உடம்பின் சூடு மூளையைத் தொட்டுவிடுவது. பெயர் கேட்டால் பதில் குழறும், திசை தெரியாது, கோபம் வரும். அப்படிப்பட்டவரை ஓடச் சொல்லிக் கத்துவது அவரைக் கொல்லப் பார்ப்பதற்குச் சமம். உடனே நிழலுக்கு இழுத்து, ஐஸ் தண்ணீரில் முக்கியோ ஈரத்துணியும் ஐஸும் வைத்தோ குளிர வைக்க வேண்டும். ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை காத்திருக்கக்கூடாது. 2016 செப்டம்பரில் மெக்சிகோவின் கோசுமெலில் ஜானி பிரவுன்லீ என்ற பெரிய டிரையத்லான் வீரர் வெற்றிக்குச் சில நூறு மீட்டர் இருக்கையில் இப்படித்தான் நின்றுவிட்டார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர் தன் வெற்றி வாய்ப்பை விட்டுவிட்டுத் தம்பியைத் தோளில் தாங்கிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். உலகம் நெகிழ்ந்தது. அந்த உதவியை எதிர்த்து ஸ்பெயின் தரப்பு முறையிட்டும் அன்றைய விதியில் அதற்கு இடமிருந்ததால் முடிவு நின்றது. பிறகு விதியை இறுக்கிவிட்டார்கள். அண்ணன் தம்பிப் பாசத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தம்பிக்கு அப்போது தேவைப்பட்டது ஐஸ்.

உதவி பற்றிய விதியைக் குடும்பத்தாரும் தெரிந்துகொள்ள வேண்டும். லங்காவிக்கு மனைவி, பிள்ளை, மாமா, மச்சான் எல்லோரும் படகேறுகிறோம். ஓரத்தில் நின்று பெயர் சொல்லிக் கத்தலாம். பக்கத்திலேயே கூட ஓடக்கூடாது. வீட்டிலிருந்து கொண்டுபோன நீர்மோரை நீட்டக்கூடாது. வெளியாள் உதவி என்று அபராதமோ தகுதி இழப்போ வரும். சக பந்தயக்காரர் டியூப், பம்ப், குடிக்க ஏதாவது கொடுக்கலாம். ஆனால் சைக்கிளையே கழற்றிக் கொடுக்க முடியாது. சைக்கிளில் முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு போவதும் தடை, 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும். வார இறுதியில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்டியே பழகியவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. 180 கிலோமீட்டரும் தன் காற்றைத் தானே கிழித்துக்கொண்டு போக வேண்டும். அதனால் மாதம் ஒரு தடவையாவது தனியாக ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

முடிக்காதவர்களுக்கு வருவோம். கூட்டத்தில் பேசுகிறவர் எப்போதும் முடித்தவராகவே இருக்கிறார். முடிக்காதவர் இரண்டு வாரம் தலை காட்டுவதில்லை. லீவு போட்டு, பணம் கட்டி, தெருவெல்லாம் வாழ்த்தி அனுப்பி, வெறுங்கையோடு திரும்பியவருக்கு முகம் கொடுக்கக் கூச்சமாக இருக்கும். இதன் விளைவு என்னவென்றால், எப்படிச் சாப்பிட்டாலும் எப்படிப் பயிற்சி எடுத்தாலும் கடைசியில் எல்லோரும் முடித்துவிடுவார்கள் என்ற தோற்றம் புதியவனுக்கு உண்டாகிறது. "நான் வாரம் மூணு நாள்தான் ஓடினேன், முடிச்சேன்" என்று ஒருவர் சொன்னால், அதே மூன்று நாள் ஓடி நூற்றைம்பதாவது கிலோமீட்டரில் கெடு தாண்டிப் போனவர் எத்தனை பேர் என்பதும் பக்கத்தில் இருந்தால்தான் கணக்கு சரியாகும். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுத்து, எந்த இடத்தில் என்ன நடந்தது என்று கேட்பது அனுதாபத்துக்காக இல்லை. அந்தக் கூட்டத்தில் அன்றைக்கு அவர்தான் வாத்தியார்.

உடம்பைப் பேணுவதைக் கூடிச் செய்வது இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. 1947-இல் ஹார்வர்ட் தோட்டத்திலும் பீடோங் பக்கத்திலும் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு எதிராக அணிவகுத்தார்கள், அடியும் வாங்கினார்கள். ஒருவன் குடித்துக் கெட்டால் அது லயத்துக்கே கேடு என்று நினைத்த தலைமுறை அது. சைக்கிள் கூட்டத்தில் ஒருவர் பின்தங்கினால் நின்று அழைத்துப் போகிற பழக்கம் இன்றும் பல குழுக்களில் இருக்கிறது. பின்தங்கியவரின் பேச்சையும் அப்படி நின்று கேட்கத் தொடங்க வேண்டும்.

பெண்கள் விஷயம் தனியாக எழுத வேண்டியது; சுருக்கமாகச் சொல்கிறேன். ஹவாயின் முதல் போட்டியில் பெண்கள் யாரும் இல்லை. மறு வருடம் 1979-இல் லின் லெமேர் வந்தார். மொத்தத்தில் ஐந்தாவதாக முடித்தார். நம் பக்கத்தில் பெண்களைத் தடுப்பது தெம்பு இல்லாததல்ல. இருட்டோடு தோட்டச் சாலையில் தனியாக ஓட முடியாது. குளத்துக்குத் துணை வேண்டும். விடிந்தால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். இதற்கு "உன்னால் முடியும்" என்ற வாசகம் பயன்படாது. சனிக்கிழமை காலை ஏழரை வரை பிள்ளைகளை யார் பார்ப்பது என்று வீட்டில் ஒரு பதில் இருந்தால் பயன்படும்.

செலவையும் மறைக்க வேண்டாம். பெயர் கொடுக்கும் கட்டணம், படகு, மூன்று இரவுத் தங்கல், சைக்கிள் எல்லாம் சேர்ந்தால் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடும். விலை உயர்ந்த சைக்கிள் இல்லாதவன் வரக்கூடாது என்ற பேச்சைப் புதியவன் காதில் போடாதீர்கள். பிரேக் நன்றாகப் பிடிக்கிற, உயரத்துக்குப் பொருந்துகிற பழைய சைக்கிளில் ஸ்பிரிண்ட் முடிக்கலாம். கடன் வாங்கி முழுத் தூரம் போவதைவிட அது எவ்வளவோ மேல். ஒரே வருடத்தில் ஸ்பிரிண்டிலிருந்து முழு அயர்ன்மேனுக்குத் தாவச் சொல்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

லங்காவி போய் வந்தவர்களிடம் அடுத்த முறை எத்தனை மணி என்று கேட்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். கடலில் முதல் பத்து நிமிடம் மூச்சு எப்படி இருந்தது? எந்த மேசையில் என்ன தீர்ந்துபோயிருந்தது? எந்த இடத்தில் விட்டுவிடலாம் என்று தோன்றியது, ஏன் விடவில்லை, அல்லது ஏன் விட்டீர்கள்? பதில் சொல்ல அவருக்கும் பிடிக்கும். பீற்றிக்கொள்ள வந்தவர் தன்னை அறியாமல் பாடம் நடத்திவிட்டுப் போவார்.

இன்னும் நீச்சல் வராதவர்கள் இந்த வருடம் பெயர் கொடுக்க வேண்டாம், தொண்டூழியராகப் போகலாம். தண்ணீர் மேசையில் நின்று கோப்பை நீட்டும் வேலைக்கு ஆள் எப்போதும் தேவை. மாலை ஆறு மணிக்கு வருகிறவர்கள் யார், இரவு பதினோரு மணிக்கு வருகிறவர்கள் யார், யார் கோலா கேட்கிறார், யார் ஐஸைத் தொப்பிக்குள் போட்டுக்கொள்கிறார், யார் ஒன்றும் கேட்காமல் வெறித்துப் பார்க்கிறார் என்று ஆறு மணி நேரம் நின்று பார்த்தால் வருடம் முழுக்கக் கேட்டாலும் கிடைக்காத விவரம் கிடைக்கும். அதற்குச் சைக்கிள் தேவையில்லை. கோலக்கெடாவில் படகுச் சீட்டும் அங்கே ஓர் இரவு தலை சாய்க்க இடமும் போதும்.